வால் விழாத படம்

செபமாலை அண்ணையின் மரணச் செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு மீன்பிடிச் சாமான் கடையில், அவரைப் பழிவாங்கும் ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆயுதம் என்றதும் கத்தி, பொல்லு என்று நினைக்க வேண்டாம். அது ஓர் அளவுப் பாய். பிடித்த மீனை அதன்மேல் கிடத்தினால் மூக்கிலிருந்து வால் வரை எத்தனை சென்ரிமீற்றர் என்று கண்ணாடி போடாமலே வாசிக்கலாம். என்றாவது ஒருநாள் ஏரிக்கரையில் அதை விரித்து, என் மீனைக் கிடத்தி, செபமாலை அண்ணையின் பிடரியில் கை வைத்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், "இப்ப வடிவாப் பாருங்கோ" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ஸ்கீவ நகரிலிருந்து அவருடைய மனைவி றீற்றா அக்கா.

"தம்பி, உங்கட அண்ணை காலமை எழும்பேல்லை."

பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டது. கடைக்காரப் பெடியன் பாய் வேண்டுமா என்று டேனிஷில் கேட்டான். "காட்டவேண்டிய ஆள் போட்டுது" என்று தமிழிலேயே சொல்லி, பாயைச் சுருட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். காருக்குள் ஏறி இருந்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. 'மனுசன் தப்பிவிட்டார்' என்ற ஆத்திரம்தான் வந்தது. துக்கம், ஸ்கீவ போகிற வழியில் விபோர்க் தாண்டின பிறகுதான் வந்தது. அதுவும் ஆத்திரத்துக்குப் பின் ஆசனத்தில் இருந்துகொண்டுதான் வந்தது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருக்கு என் பெயர் பரமநாதன் என்பது தெரியாது. மீற்றர் பரமு என்றால் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். அந்தப் பள்ளிக்கூடம் பிறகு தலையெடுக்கவே இல்லை. ஆகவே எழுத்துப்பிழை இருந்தால் மலர்க்குழு திருத்தலாம். கருத்தை மட்டும் தொட வேண்டாம். 'மீற்றர்' என்ற பட்டம் எனக்கு எப்படி வந்தது, அதை எனக்குச் சூட்டியவர் யார் என்பதை எழுதாமல் செபமாலை அண்ணைக்கு நான் அஞ்சலி எழுத முடியாது.

ஊரில் நாங்கள் இருவருமே மீன் பிடித்தவர்கள் அல்ல. அவர் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் சீமெந்துக் கடையில் மூட்டை தூக்கினேன். ஒரு தோளில் இரண்டு மூட்டை, மற்றத் தோளில் முதலாளி. மீன் எங்களுக்குச் சந்தையில் கிடக்கிற பொருள். இங்கே வந்து, அவர் ஸ்கீவவிலும் நான் ரண்டர்ஸிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தபோதுதான் இந்த விசர் பிடித்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் ஏரி இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறு உங்களில் பாதிப்பேர் அங்கே நிற்பீர்கள். அந்த ஏரியின் மீன்பிடிச் சங்கத்தில் அவர் அங்கத்தவர். நான் அவருடைய விருந்தாளி. சங்கக் குடிசையில் இருக்கும் டேனிஷ்காரர்கள் என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். என் தோற்றத்துக்கும் மீசைக்கும்தான் என்று நினைத்திருந்தேன்.

தூண்டில் வீச்சில் டென்மார்க்கில் எனக்கு நிகரானவன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். கிழக்குக் கரையில் நின்று நான் முழுப் பலத்தோடு வீசினால் சுவீடன்காரன் விசா கேட்பான். செபமாலை அண்ணை வீசுவது, சோற்றுக்குள் கறி விடுகிற மாதிரி. கையும் அசையாது, தண்ணீரும் அசையாது. ஆனால் மீன் அவருக்குத்தான் வரும். இதைவிட ஒரு மனிதனை எரிச்சலூட்ட வேறொன்றும் தேவையில்லை.

அவர் தூண்டிலில் கொழுவுகிற தன் இறப்பர் மீனில் ஏதோ ஒன்றைப் பூசுவார். திரும்பி நின்றுதான் பூசுவார். மணம் மட்டும் வரும். ஒருநாள் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். நெத்தலிக் கருவாட்டை இடித்த தூள். சங்கத்து டேனிஷ்காரர்கள் காற்று அடிக்கிற பக்கம் விட்டு எழும்பிப் போய் மறுபக்கம் இருந்தார்கள்.

"எனக்கும் கொஞ்சம் தந்தா என்ன அண்ணை?"

"தரலாம். நீ நாளைக்கு கனடா வரைக்கும் சொல்லிப்போடுவாய்."

"நான் என்ன ரேடியோவே?"

"ரேடியோவை நிப்பாட்டலாமடா பரமு. மீன் வாயைத் துறந்தாத்தான் தூண்டில் கொழுவும். உனக்கும் அப்பிடித்தான்."

இப்படித்தான் அவர் கதைப்பார். வருடக்கணக்கில் பக்கத்தில் இருந்து இதைக் கேட்டவன் நான். என் பொறுமையை நீங்கள் மெச்ச வேண்டும்.

இனி என் மீனுக்கு வருகிறேன்.

கெத்தெ என்று டேனிஷ்காரர் சொல்லும் மீன், எங்கள் கடலில் ஓடுகிற சீலாவுக்கு நன்னீரில் பிறந்த சகோதரம். முதலை வாய். பல்லுக்குப் பின்னால் பல்லு. பார்வை பொலிஸ்காரன் பார்வை. சித்திரை மாதம் அது முட்டை விடுகிற காலம் என்பதால் ஏப்ரில் முழுவதும் அதைப் பிடிக்கக் கூடாது என்று இங்கே சட்டம். தவறிப் பிடித்தால் உடனே தண்ணீரில் விட வேண்டும். ஒரு வருடம், சித்திரைப் புதுவருடப் பிறப்பு கழிந்த கையோடு, பஞ்சாங்கத்தில் தொழில் தொடங்க நல்ல நேரம் பார்த்து அண்ணையை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். பஞ்சாங்கம் கணித்தவருக்கு டென்மார்க்கின் மீன் சட்டம் தெரியாதது என் பிழை அல்ல. அதோடு, நாங்கள் போனது அபோர மீனுக்கு; கறுப்பு வரியும் முதுகில் முள்ளும் உள்ள, பொரித்தால் தேன் மாதிரி இருக்கிற சின்ன மீன்.

சங்கத்துப் படகில் நாங்கள் இரண்டு பேர். நடுவில் என் மனைவி கட்டித் தந்த பயற்றம் பணியாரம். அண்ணை ஒன்றைக் கடித்துக்கொண்டு, "உன்ர பஞ்சாங்கம் பலகாரத்துக்கு மட்டும் சரி" என்று சொல்லி முடிக்கவில்லை, என் தூண்டில் வளைந்தது. வளைந்ததென்றால் நுனி தண்ணீருக்குள் போய் அடித்தண்டு மட்டும் வெளியே நின்றது. படகு இழுபட்டுப் போனது. ஏரியை ஒருதரம் சுற்றினோம் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அரைவாசி சுற்றினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணை, வலை, வலை."

"கத்தாதை. மீனுக்குக் காது இருக்கு."

அவர் வலையைத் தாழ்த்தித் தூக்கினார். தலை வலைக்குள்ளே, வால் வெளியே. தூக்கிப் படகுக்குள் போட்டார். அதன் தலை என் முழங்காலில் கிடந்தது. வால் அண்ணை இருந்த பலகையைத் தாண்டிப் போய் அவருடைய கோப்பிப் போத்தலைத் தட்டி விழுத்தியது. இதை நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அவரும் தன் இரண்டு கண்ணாலும் கண்டார். கோப்பி அவருடைய காலில்தான் ஊற்றியது.

"அண்ணை, போனை எடுங்கோ. என்ர பொக்கற்றுக்கை இருக்கு."

"இண்டைக்கு என்ன மாசம்?"

"சித்திரை."

"சித்திரையை விடு. டென்மார்க்குக்கு என்ன மாசம்?"

"ஏப்ரில். ஒரே ஒரு படம் அண்ணை."

"ஏப்ரிலில எடுத்தா அது படம் இல்லையடா. சாட்சி."

சொல்லிக்கொண்டே குறட்டால் தூண்டிலைக் கழற்றி, குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் வைத்தார். அது ஒருதரம் செட்டை அடித்தது. என்னைப் பார்த்தது. பிறகு ஏரி மட்டும்தான் இருந்தது.

கரைக்கு வரும்போது நான் அவரிடம் சத்தியம் வாங்கினேன். "படம் இல்லை. ஒருத்தரும் நம்பமாட்டினம். நீங்கள்தான் சனத்துக்குச் சொல்லோணும்."

"என்ன சொல்ல?"

"கண்டதை."

"ஓம். கேட்டால் சொல்லுறன்."

அந்த 'ஓம்' இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நேரம் அதை நம்பி, மிச்சம் இருந்த பணியாரத்தையும் அவருக்கே கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஸ்கீவவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபம் நிறையச் சனம். சாப்பாட்டு மேசைப் பக்கம் ஆண்கள் கூடி நிற்க, நான் என் மீனைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு மீற்றர் பத்து என்றேன். அடக்கத்தால் அப்படிச் சொன்னேன். பிறகு யோசிக்க யோசிக்க உண்மை வெளியே வந்து இப்போது ஒரு மீற்றர் இருபத்தைந்தில் நிற்கிறது. கனடாவில் இருக்கும் என் மச்சான் சிறியும் அன்று வந்திருந்தான். அவன் அங்கே ஏரிகளில் பாஸ், கிராப்பி, கேட்ஃபிஷ் என்று பிடித்து வாரத்துக்கு ஒரு படம் அனுப்புகிறவன். கேட்ஃபிஷ் என்றால் பயந்துவிட வேண்டாம், எங்கள் கெளிறுதான்.

"படம் எங்கை மச்சான்?" என்றான் சிறி.

"படம் என்னத்துக்கு? ஆளே இருக்கிறார். செபமாலை அண்ணையைக் கேள்."

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணை கட்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் மென்றார். விழுங்கினார். கடதாசித் துவாயால் வாயைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"மீன் ஒண்டு வந்தது. அளவு நான் பாக்கேல்லை."

மண்டபம் சிரித்த சிரிப்பில் அலங்காரத்துக்குக் கட்டியிருந்த பலூன் இரண்டு வெடித்தது. அன்று தொடக்கம் நான் மீற்றர் பரமு. பிள்ளைகளுக்கு மீற்றர் மாமா. என் மகளின் கலியாணப் பேச்சுக்கு பிரெடெரிசியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, என் சம்பந்தி வாசலில் செருப்பைக் கழற்ற முதலே கேட்டது, "நீங்கள்தானோ அந்த மீற்றர்?" என்று. பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை பிடிக்கலாம். சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் அகட்டிக் காட்டுகிறவனை என்ன செய்வது?

அன்று காருக்குள் வைத்தே நான் அண்ணையைக் கேட்டேன்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"அளவு பாக்கேல்லையெண்டு."

"நீ பாத்தனியோ?"

"பாத்தனான்."

"அப்ப காணும். ஒரு மீனை ரெண்டு பேர் பாக்கத் தேவையில்லை."

அதன் பிறகு எத்தனையோ கொண்டாட்டம், எத்தனையோ செத்தவீடு, எத்தனையோ பூசை. யாராவது கேட்பார்கள். அவர் மெல்லுவார், விழுங்குவார், அதே பதிலைச் சொல்லுவார். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. உலகத்தில் என் மீனைக் கண்டவர் அவர் ஒருவர்தான். அவர் வாய் திறக்காத வரைக்கும் அந்த மீன் இல்லை, நான் பொய்யன். இதைத் தெரிந்துகொண்டே செய்தார்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கிறீர்களா? ஏரியில் அவருக்கென்று ஒரு இடம் இருந்தது. வில்லோ மரம் சரிந்து நிற்கிற மூலை. ஒரு ஞாயிறு அவருக்கு முதலே போய், கதிரை போட்டு, கோப்பி ஊற்றி, கால் நீட்டி அதில் இருந்தேன். வந்தவர் பார்த்தார். நாணல் பத்தைக்குப் பக்கத்தில், மீனே இல்லாத இடத்தில் போய் இருந்து வாளி நிறைய அபோர பிடித்தார். எனக்கு ஒரு புழுகூடக் கடிபடவில்லை. போகும்போது தன் வாளியில் பாதியை என் வாளிக்குள் கொட்டிவிட்டு, "வீட்டை வெறுங்கையோட போனா மனுசி ஏசும்" என்றார். அதைவிடப் பெரிய அவமரியாதை எனக்கு வாழ்க்கையில் நடந்ததில்லை. மனைவி பொரித்தாள். அருமையாக இருந்தது. அதுவும் கோபம்.

பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் அவருக்குச் சன்டார்ட் வந்தது. கண்ணாடிக் குண்டு மாதிரிக் கண்ணுள்ள, டேனிஷ்காரர் உயிரைக் கொடுக்கிற மீன். நான் பக்கத்தில் நின்றேன். இந்தமுறை வலை என் கையில். தூக்கிப் புல்லில் கிடத்தினேன். அப்படி ஒன்றை அந்த ஏரி அதற்கு முதலும் தரவில்லை, பிறகும் தரவில்லை. அண்ணை மீனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதல்தடவையாக என்னிடம் ஒன்று கேட்டார்.

"பரமு, ஒரு படம் எடு."

எடுத்தேன். படத்தில் அவருடைய முகம் இருக்கிறது, மீனின் தலை இருக்கிறது, பெரிய முதுகுச் செட்டை இருக்கிறது. அங்கே படம் முடிகிறது. வால் விழவில்லை. அதற்குக் கமெராதான் காரணம் என்று இன்றுவரை சொல்லி வந்திருக்கிறேன். இனியும் அப்படியே சொல்லுவேன்.

"பெரிசு தாயாயிருக்கும்" என்று அவர் அதையும் தண்ணீரில் விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்தபோது தொலைபேசி எடுத்து ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அதைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். யாராவது எவ்வளவு நீளம் என்று கேட்டால், "அது பரமு எடுத்த படம். வாலை அவன் தன்ர வீட்டை கொண்டுபோட்டான்" என்று சொல்லி, தேத்தண்ணியை நீட்டிக் கதையை மாற்றிவிடுவார். என் பழிவாங்கலை எடுத்துச் சுவரில் மாட்டி விருந்தாளிக்குக் காட்டின மனிதர் அவர்.

செத்தவீட்டுக்கு வருகிறேன். தேவாலயத்தில் பூசை முடிந்து, சேமக்காலையில் மண் போட்டு, மண்டபத்தில் கோப்பியும் பாணும் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். சங்கத்து டேனிஷ்காரர் ஐந்தாறு பேர் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார்கள். அதில் ப்ரெபன் என்று ஒரு வயதானவர், சங்கத்தின் தலைவர், என்னிடம் வந்து கையைப் பிடித்தார். விடவில்லை.

"நீதானே அந்தப் பெரிய கெத்தெ பிடித்தவன்" என்றார்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இந்தப் பகிடி டேனிஷ்காரன் வரைக்கும் போய்விட்டதா என்று. அவர் சிரிக்கவில்லை. தொடர்ந்து சொன்னார். ஒவ்வொரு வருடமும் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தங்கள் மீனைச் சொல்லுகிற நேரம், செபமாலை எழும்பித் தன் மீனைச் சொல்வதில்லையாம். என் மீனைத்தான் சொல்வாராம். படகு இழுபட்டதையும், தலை முழங்காலில் கிடந்ததையும், வால் கோப்பிப் போத்தலைத் தட்டியதையும், நான் ஒரு படத்துக்குக் கெஞ்சியதையும் ஒன்று விடாமல் சொல்வாராம். அந்த மீன் கொழுவிய இடத்துக்குச் சங்கத்தில் இப்போது 'பரமின் குழி' என்றுதான் பெயராம்.

"எவ்வளவு நீளம் என்று சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒரு மீற்றர் முப்பத்தைந்து."

நானே முப்பத்தைந்து சொன்னதில்லை. எனக்கும் ஒரு மட்டு மரியாதை உண்டு. தொப்பி தூக்கியது மீசைக்கு அல்ல என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"அப்படியென்றால் என் சனத்திடம் ஏன் சொல்லவில்லை?"

"நானும் அதைக் கேட்டேன்" என்றார் ப்ரெபன். "தான் ஆம் என்று சொல்லுகிற நாளோடு அந்த மீன் வளருவதை நிறுத்திவிடும் என்று சொன்னான்."

வருடக்கணக்காக என்னைச் சொந்தச் சனத்துக்கு முன்னால் பொய்யனாக நிறுத்திவிட்டு, நான் இல்லாத இடத்தில், எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று, என்னை ராசாவாக்கி வைத்திருக்கிறார். ஒரு மனிதனுக்கு இதைவிடக் கொடுமை செய்ய முடியுமா? அவரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. நான் ப்ரெபனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் நின்ற இடத்துக்குப் போனேன்.

"கேளுங்கோ. இவரைக் கேளுங்கோ. என்ர மீன் ஒரு மீற்றர் முப்பத்தைஞ்சு. செபமாலை அண்ணையே சொன்னவராம்."

ஒரு பெடியன் டேனிஷில் ப்ரெபனிடம், நீங்கள் கண்டீர்களா என்று கேட்டான். ப்ரெபன் நேர்மையான மனிதர். டேனிஷ்காரரின் கெட்ட பழக்கம் அது. "நான் காணவில்லை, செபமாலை சொல்லிக் கேட்டதுதான்" என்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்களில் ஒருவர், பெயர் எழுதினால் அவருக்குப் பெருமையாகிவிடும், பாணைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"மீற்றர் அண்ணை, செத்தவீட்டிலையும் மீன் கதையோ?"

எல்லோரும் அழுது வீங்கின முகத்தோடு சிரித்தார்கள். கண்ட சாட்சியை அரை மணித்தியாலம் முதல்தான் நானே ஒரு பிடி மண் போட்டு மூடிவிட்டு வந்திருந்தேன். அண்ணை அன்றும் வென்றார். படுத்துக்கிடந்து வென்றார்.

போன கிழமை றீற்றா அக்கா என்னை ஸ்கீவவுக்குக் கூப்பிட்டார். சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் மகளும் இருந்தாள்.

"தம்பி, மலரின்ர பின் அட்டையில இதைத்தான் போடுறம். கீழ எவ்வளவு நீளம் எண்டு எழுதோணும். அவர் எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லை. நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள்."

மகள் டேனிஷில் கேட்டாள், அப்பாவின் மீன் எவ்வளவு பெரிசு மாமா என்று.

நான் படத்தைப் பார்த்தேன். அண்ணை நெஞ்சோடு மீனை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் நான் தேடித் திரிந்த ஆயுதம் கடையில் இருக்கவில்லை. என்னிடமே இருந்திருக்கிறது. அந்த மீனைக் கண்டவர்களில் இனி நான் ஒருவன்தான் மிச்சம். அதன் வால் புல்லில் எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியும். என் சப்பாத்தின் நுனியில் முடிந்தது, மூக்கு எங்கே இருந்தது என்றும் தெரியும். ஒரு விரற்கடை பிசகாமல் சொல்லுவேன். தட்டில் றீற்றா அக்கா வைத்த கட்லெட் ஒன்றை எடுத்தேன். அவசரப்படாமல் மென்றேன். விழுங்கினேன். கடதாசித் துவாயால் வாயைத் துடைத்தேன்.

"மீன் ஒண்டு வந்தது அக்கா. அளவு நான் பாக்கேல்லை."

அக்கா ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

"விசரன்கள்" என்றார் அக்கா. "ரெண்டும் ஒரே விசரன்கள்."

ஆகவே பின் அட்டையில் படத்தின் கீழே அளவு இல்லாமல் இருப்பதற்கு மலர்க்குழு பொறுப்பல்ல. நான்தான் பொறுப்பு. யார் கேட்டாலும், எந்தக் கொண்டாட்டத்தில் கேட்டாலும், சிறி கனடாவிலிருந்து எடுத்துக் கேட்டாலும், இதே பதில்தான். ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன். கிடக்கட்டும் மனுசன், எனக்குச் செய்ததை அனுபவித்துக்கொண்டு. இப்போதே ஒரு மீற்றர் என்று ஸ்கீவவில் கதைக்கிறார்களாம். அடுத்த வருடம் அது ஒரு மீற்றர் பத்தாகும். எப்படி வளரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ப்ரெபனும் ஆட்களும் என்னைச் சங்கத்தில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் தங்கள் மீனைச் சொல்லுகிற நேரம் நானும் எழும்புவேன். என் மீனைச் சொல்ல மாட்டேன். எந்த மீனைச் சொல்லப்போகிறேன், எவ்வளவு நீளம் என்று சொல்லப்போகிறேன் என்பதை இங்கே எழுத முடியாது. நீங்கள் எங்கள் சனம். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது வேறு.

தூண்டில்களைப் பிள்ளைகள் எடுத்தார்கள். வலையை அக்கா எனக்குத் தந்தார். அது காரின் பின்னால் கிடக்கிறது, கருவாட்டு மணத்தோடு. ஆனால் செபமாலை அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வலை அல்ல. அவர் சொன்னது சரிதான். அந்த வால் என் வீட்டில்தான் இருக்கிறது. தரமாட்டேன்.